ஆறு மாதத்துக்கு ஒரு சிவப்புக் கோடு

குவேக்கர்ஸ் ஹில், சிட்னி
09.02.2025

அன்புள்ள தாரகாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன். என் முழங்கால் மட்டும் மழை வருவதை எனக்கு முன்பே அறிந்து சொல்கிறது. நீயும் ஸ்ரீகாந்தும் எப்படி இருக்கிறீர்கள்? உன் இரவு வேலை இன்னும் மாறவில்லையா?

போனில் கதைத்தால் ஐந்தாவது நிமிடத்தில் ஒருத்தி அழுகிறாள், பத்தாவது நிமிடத்தில் மற்றவள் வைத்துவிடுகிறாள். இனிக் கடிதம் எழுதுவோம் என்று நீ சொன்னது நல்ல யோசனை. எழுதும்போது அழுதால் தாளை மாற்றிக்கொள்ளலாம்.

இங்கே ஒரு புதுச் செய்தி. நான் நிற்கும் வீட்டு மனோரமாவும் பிரேம்நாத்தும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். பிரேம்நாத்தின் கம்பனி அவரை டிசம்பரில் அமெரிக்காவுக்கு அனுப்புகிறது, வேர்ஜினியாவுக்கு. அங்கே போய்ப் பிள்ளைகள் பின்தங்கக் கூடாது என்று மனோரமா ஒரு பெட்டி நிறைய அமெரிக்கப் பாடப்புத்தகங்களை வரவழைத்து, வீட்டிலேயே படிப்பிக்க அனுமதியும் வாங்கிவிட்டார். படிப்பிப்பது நான். ஷாமினிக்குப் பதினொரு வயது, கவினேஷுக்கு எட்டு. கிளிநொச்சியில் ஏழு வருடம் சரித்திரம் படிப்பித்தவளை இத்தனை காலத்துக்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் ‘டீச்சர்’ என்று கூப்பிடுகிறார்கள். முதல் நாள் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

முதல் பாடம் ஜோர்ஜ் வோஷிங்டன். புத்தகத்தில் அவருக்கு மரப்பல் என்று இருந்தது. மனோரமா பல் வைத்தியர் அல்லவா, கேட்டுக்கொண்டே ஓடி வந்தார்.

“யாரு சொன்னா மரம்னு? எச்சில்ல ஊறி அழுகிப் போயிடும்லா. யானைத் தந்தம், ஈயம், அப்பறம் மனுஷப் பல்லு. அதெல்லாம் வெச்சுதான் செஞ்சாங்க.”

“எந்த மனுஷன்?” என்றான் கவினேஷ்.

“யாராவது குடுத்திருப்பாங்க.”

“சும்மாவா? வலிக்குமே?”

மனோரமா கடிகாரத்தைப் பார்த்தார். “ராணி அக்கா, குழம்பு அடுப்புலயா இருக்கு?”

பவளராணி இங்கே ராணி அக்கா. குழம்பு அடுப்பில்தான் இருந்தது. இறக்கி வைத்துவிட்டு வந்து பாடத்தைத் தொடர்ந்தேன். அந்தப் பற்களில் சில அவருடைய அடிமைகளின் வாயிலிருந்து வந்திருக்கலாம் என்று சொன்னேன். கவினேஷ் அன்று முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டு திரிந்தான்.

ஸ்ரீகாந்தை விசாரித்ததாகச் சொல்லு.

அன்புடன்,
அக்கா பவளம்


டண்டினோங், மெல்பேர்ண்
02.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. எங்களுக்குச் சுகத்தில் குறை ஒன்றுமில்லை, நித்திரையில்தான் குறை. முதியோர் இல்லத்தில் இரவு வேலைக்கு ஆள் பற்றாக்குறை என்று என்னையே போடுகிறார்கள். முழங்காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுங்கள்.

நீங்கள் மறுபடி படிப்பிப்பதை நினைக்கச் சந்தோசம். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். பிரேம்நாத் தருவதாகச் சொன்ன ஆதரவுக் கடிதம் என்ன ஆனது? சட்டத்தரணி கணேசலிங்கம் இரண்டு வருடத்துக்கு முன் சொன்னதை நான் மறக்கவில்லை. அகதி வழக்குத் தோற்ற பிறகு அமைச்சரிடம் நேரே கேட்பது ஒன்றுதான் வழி, அதற்கு வேலை தந்தவரின் கடிதம் முக்கியம் என்றார். அந்த ஒரு கடிதத்துக்காகத்தான் நீங்கள் பிள்ளைகளைப் பார்க்கும் வேலைக்கு அந்த வீட்டுக்குப் போனீர்கள்.

இம்மாதம் பதினான்காம் திகதி வீசா முடிகிறது. இதையாவது எழுதுங்கள்.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்
தாரகா


குவேக்கர்ஸ் ஹில்
23.03.2025

அன்புள்ள தாரகாவுக்கு,

சுகம். ஒத்தடம் கொடுத்தேன், கொஞ்சம் பரவாயில்லை. நீ பகலில் திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு படு.

வீசாவை நீட்டித் தந்துவிட்டார்கள். செப்டம்பர் பதினான்கு வரை. வழக்கம்போல ஆறு மாதம். அன்று பாடம் இல்லை, பரமட்டாவில் கணேசலிங்கத்தின் அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். ஏன் என்று ஷாமினி கேட்டாள். என் வீசாவுக்கு ஆறு மாதம்தான் ஆயுள் என்றேன். “அப்புறம் என்ன ஆகும்?” என்றாள். “இன்னொரு ஆறு மாதம்” என்றேன். விரல் விட்டு எண்ணினாள்.

இந்த நாட்களில் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. பின்னேரம் ஸ்டேசன் வரை நடந்து போகிறேன், ஒரு ரயில் போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடக்கிறேன். 

மனோரமா வாங்கிய புத்தகத்தில் வோஷிங்டன் வெள்ளைக் குதிரையில் இருக்கிறார், பொய் சொல்லாமல் இருக்கிறார், வேறு அதிகம் இல்லை. அதனால் பிளாக்டவுன் நூலகத்தில் ஒரு தடித்த புத்தகம் எடுத்து வந்தேன். அவர் ஜனாதிபதியாகப் பிலடெல்பியாவில் இருந்தபோது அந்த மாநிலத்தில் ஒரு சட்டம் இருந்ததாம். வெளியூர்க்காரர் ஒருவர் தன் அடிமையை அங்கே தொடர்ந்து ஆறு மாதம் வைத்திருந்தால், அந்த அடிமை விடுதலை கேட்கலாம். அதனால் ஆறு மாதம் முடிவதற்குள் அவர்களை எல்லைக்கு அப்பால் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டு வருவார்கள். கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கும். காரணம் அவர்களுக்கும் தெரியக் கூடாது, ஊருக்கும் தெரியக் கூடாது என்று வோஷிங்டன் தன் செயலாளருக்கு எழுதியிருக்கிறார்.

இதைப் படிப்பிப்பதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். படிப்பித்தேன்.

குக்கர் கூப்பிடுகிறது. மிச்சம் பிறகு.

அக்கா பவளம்


டண்டினோங்
06.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே இருவரும் நலம். குளிர் தொடங்கிவிட்டது.

நான் பிரேம்நாத்தின் கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். நீங்களோ வோஷிங்டன் தன் செயலாளருக்கு எழுதிய கடிதத்தைப் பற்றிப் பதில் எழுதியிருக்கிறீர்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். படிப்பிக்கிறேன் என்று எழுதுகிறீர்கள், ஆனால் ஒவ்வொரு கடிதத்திலும் குசினி வருகிறது. ஒன்றில் குழம்பு, ஒன்றில் குக்கர். பாடம் நடக்கும்போது அந்த வீட்டில் யார் சமைக்கிறார்கள்? யார் கூட்டுகிறார்கள்? நீங்கள் எந்த அறையில் படுக்கிறீர்கள்?

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் வீட்டில் விருந்துக்கு வந்தவர்களிடம் இவர், “இவ எங்களோட நிக்கிறா, குசினியைப் பாக்கிறா” என்று உங்களை அறிமுகப்படுத்தினார். அடுத்த கிழமையே பெட்டியைக் கட்டினீர்கள். நான் அன்று இவரைத் திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை. தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அதைச் சொல்லத்தான் போனில் கூப்பிடுவேன். சொல்ல முன் அழுகை வந்துவிடும்.

அந்தச் சொல்லைத் தாங்காமல் போனவர் அதே வேலையை இன்னொரு வீட்டில் செய்கிறீர்களா, அக்கா?

தாரகா


குவேக்கர்ஸ் ஹில்
25.05.2025

அன்புள்ள தாரகாவுக்கு,

ஏழு கிழமையாக எழுதவில்லை. சுகமில்லாமல் அல்ல. நீ சுகம்தானே?

கேட்ட ஒழுங்கிலேயே பதில் எழுதுகிறேன். சமைப்பது நான். கூட்டுவதும் நான். கராஜைத் தடுத்து ஒரு அறை செய்திருக்கிறார்கள், அங்கே படுக்கிறேன். மோசமில்லை, ஹீற்றர் இருக்கிறது. கடிதம் இன்னும் வரவில்லை.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. போன மாதம் என் சப்பாத்துத் தேய்ந்ததைப் பார்த்து மனோரமா தானாகவே புதிது வாங்கி வந்தார், சரியான அளவில். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், கெட்டவர்களாக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இரண்டு கிழமைக்கு முன் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள். கார் நிறுத்துமிடத்தில் பிரேம்நாத் தனியாக நின்றார். மெல்லக் கேட்டேன்.

“அந்தக் கடிதம்… ஏலுமெண்டால் இந்த மாதம்…”

“கண்டிப்பாக்கா. ஆபீஸ்ல கொஞ்சம் பிஸி. அடுத்த மாசம் கண்டிப்பா.”

அடுத்த மாதம் கண்டிப்பாக என்பது எனக்குப் பாடமாகிவிட்ட வசனம். கோயிலுக்குள் போய் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. அங்கேயும் அதே பதில் வந்தால்?

பிள்ளைகளுக்கு இப்போது ஓனா என்ற பெண்ணைப் பற்றிப் படிப்பிக்கிறேன். வோஷிங்டனின் மனைவிக்குத் தலைவாரி விடுபவள், தையல்காரி, இருபது வயதைக் கடந்தவள். பேத்திக்குக் கல்யாணப் பரிசாகத் தன்னைக் கொடுக்கப் போகிறார்கள் என்று அறிந்தாள். ஒரு நாள் வீட்டார் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வெளியே நடந்தாள். கப்பல் ஏறிப் போனாள். வோஷிங்டன் சாகும்வரை அவளைத் திரும்ப எடுக்கப் பார்த்தார், முடியவில்லை.

“போகலாம்னு அவங்களுக்கு யார் பர்மிஷன் குடுத்தா?” என்று ஷாமினி கேட்டாள்.

“ஒருதரும் இல்லை.”

“லெட்டர்கூட இல்லையா?”

இல்லை என்றேன். அன்று இரண்டு தடவை ஸ்டேசனுக்கு நடந்தேன்.

அக்கா


டண்டினோங்
02.06.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் கடிதத்தை வேலைக்குக் கொண்டுபோய், எல்லாரும் நித்திரையான பிறகு மூன்று தரம் வாசித்தேன்.

கணேசலிங்கத்துடன் நானே கதைத்தேன். “மற்றக் கடிதமெல்லாம் கையில கிடக்கு. வேலை குடுத்தவரின்ரை கடிதத்துக்காக ஃபைலைத் திறந்து வைச்சுக்கொண்டு நிக்கிறன். மார்ச்சிலயே தந்திருந்தால் இதுக்குள்ள போயிருக்கும்” என்றார்.

உங்களுக்கு நானே ஒரு அறையை ஒதுக்கி வைத்திருக்கிறேன். இவரிடம் கேட்கவில்லை, சொன்னேன்.

தாரகா


குவேக்கர்ஸ் ஹில்
29.06.2025

அன்புள்ள தாரகாவுக்கு,

என் சுகத்தைப் பற்றி இன்று எழுதத் தெரியவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

படித்ததைப் படமாகச் செய்து ஒட்டுவது இந்தப் பாடத்திட்டத்தில் ஒரு வழக்கம். மனோரமாவுக்கு அதில் ஆசை அதிகம். வாராவாரம் ஃபிரிட்ஜ் கதவில் புதிதாக ஒன்று தொங்க வேண்டும், வருகிறவர்கள் பார்க்க வேண்டும். ஷாமினி இந்த முறை பெரிய தாளில் ஒரு நாட்காட்டி வரைந்தாள். மேலே வோஷிங்டனின் பிலடெல்பியா வீடு. அதன் கீழே மாதங்கள். ஆறு மாதம் முடிய முன் ஒரு சிவப்புக் கோடு, எல்லை தாண்டும் வண்டி, திரும்பும் வண்டி, மறுபடி ஆறு மாதம். கவினேஷ் வண்டிக்குள் ஆட்களை வரைந்தான். எல்லாருக்கும் பல் இல்லை.

எல்லாவற்றுக்கும் அடியில் ஷாமினி தானாக இன்னொரு வரிசை போட்டிருந்தாள். மார்ச் 14 சிவப்புக் கோடு. செப்டம்பர் 14 சிவப்புக் கோடு. பக்கத்தில் ‘டீச்சர்’.

நான் அதைப் பார்த்தேன், தாரகா. அதை வெட்டிவிட்டு ஒட்டு என்று சொல்லியிருக்கலாம். ஒரு சரித்திர ஆசிரியை சொல்லியிருக்கவும் வேண்டும், இரண்டும் ஒன்றல்லவே. சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று உனக்கு எழுதத் தொடங்கி, தாளை மாற்றிவிட்டேன்.

நேற்று மத்தியானம் மனோரமா வேலையால் வந்து தண்ணீர்ப் போத்தல் எடுக்கப் போனவர், அந்தக் கதவுக்கு முன்னால் நின்றார். மேலிருந்து கீழ் வரிசை வரை வாசித்தார்.

“ராணி அக்கா, இது என்ன?”

“வோஷிங்டன் பாடம். ஷாமினி வரைஞ்சது.”

“கீழ இருக்கிறது?”

“அது பிள்ளை தானாப் போட்டது. என்ரை வீசாத் திகதி.”

“அப்போ நாங்கதான் வோஷிங்டனா?” என்றார். “உங்கள நாங்க கட்டிப் போட்டா வெச்சிருக்கோம்? லெட்டர என்ன குடுக்காமலா இருக்கப் போறோம்? அவர் மார்ச்லயே எழுதி வெச்சிட்டாரு. கிளம்பறப்ப சைன் பண்ணிக் குடுக்கலாம்னு நான்தான் சொன்னேன். இப்பவே குடுத்தா உங்களுக்கு வீசா வந்துரும், நீங்க வேற வேலைக்குப் போயிருவீங்க, அப்பறம் டிசம்பர் வரைக்கும் பிள்ளைங்கள யாரு பார்க்கறது? சொல்லுங்க!”

நான் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் படத்தில் கடிதமே இல்லை.

தான் சொன்னதை மனோரமாவும் அப்போதுதான் கேட்டிருக்க வேண்டும். போத்தலைத் திறந்தபடியே வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். ஷாமினி கதவடியில் நின்றாள். “அம்மா, மார்ச்லேர்ந்தா?” என்று மட்டும் கேட்டாள்.

பின்னேரம் பிரேம்நாத் மேசை லாச்சியிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டினார். கையெழுத்து இல்லை. ஒரு பக்கம். நம்பிக்கையானவர், நேர்மையானவர், வீட்டு வேலையும் சமையலும் நன்றாகச் செய்வார், எதையும் கேட்டுத் தொந்தரவு செய்ய மாட்டார் என்று இருந்தது. படிப்பிப்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மார்ச்சில் நான் படிப்பிக்கத் தொடங்கி ஒரு மாதம் கடந்திருந்தது.

“டிசம்பர் வரைக்கும் இருங்கக்கா. கிளம்புற அன்னிக்கு சைன் பண்ணித் தர்றேன். டீச்சர்னும் சேர்த்துடறேன்.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கிறேன். அந்தத் தாள் எனக்கு எவ்வளவு தேவை என்பது உனக்குத் தெரியும். இன்னும் ஐந்து மாதம்தானே என்று ஒரு மனம் சொல்கிறது. மற்ற மனம் ஸ்டேசனுக்கு நடக்கிறது.

அக்கா


டண்டினோங்
03.07.2025

அக்கா,

சுகம் விசாரிக்க நேரமில்லை. வெளிக்கிட்டு வாருங்கள். டிக்கட் நான் போடுகிறேன். எந்த நாள் என்று மட்டும் எழுதுங்கள்.

தாரகா


ஹரிஸ் பார்க், சிட்னி
20.07.2025

அன்புள்ள தாரகாவுக்கு,

முகவரியைப் பார்த்துத் திகைத்திருப்பாய். நான் சுகம். உண்மையாகவே சுகம்.

போன சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டைச் சமைத்துப் பரிமாறினேன். புட்டும் மீன்குழம்பும். பிறகு கராஜுக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். ஓனா சொல்லாமல் போனாள், அவளுக்கு வேறு வழி இல்லை. என்னை எவரும் பிடித்துக் கொண்டுவரப் போவதில்லை, ஆகவே நான் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று நினைத்தேன். மேசையடியில் நின்று, “நான் போறன்” என்றேன்.

எங்கள் ஆட்களில் யாராவது வாசலில் நின்று போறன் என்பார்களா? பிரேதம் தூக்கும் வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது தவிர, போட்டு வாறன் என்றுதானே சொல்வோம். என் வாயிலும் அதுதான் முதலில் வந்தது. விழுங்கிவிட்டேன்.

மனோரமாவுக்கு அந்த வித்தியாசம் விளங்கியது. “இப்படிச் சொல்லாதீங்கக்கா” என்றார், கண் கலங்கி. பிரேம்நாத் கடிதத்தைப் பற்றி ஏதோ தொடங்கினார். “உங்கடை கடிதத்தில இருக்கிற ஆள் நானில்லை, தம்பி” என்றேன். கவினேஷ், “டீச்சர், சாப்ட்டுட்டுப் போங்க” என்றான். ஷாமினி மட்டும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தாள். சாப்பாட்டு நேரம். ஓனா வெளியே நடந்த நேரம். அவளைக் கட்டிப்பிடித்தேன், அவ்வளவுதான்.

இங்கே ஒரு இனிப்புக் கடைக்கு மேல் ஒரு அறை. காலையில் கடையில் பெட்டி கட்டுகிறேன், பின்னேரம் இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம். எப்போதும் நெய் மணக்கிறது. ஜன்னலைத் திறந்தால் பரமட்டா ரயிலின் சத்தம் கேட்கிறது, ஆனால் நடந்துபோய்ப் பார்க்க வேண்டும் என்று இப்போது கால் உன்னுவதில்லை.

நான் மெல்பேர்ண் வரவில்லை, தாரகா. நீ ஒதுக்கிய அறைக்கு நன்றி. ஒரு வீட்டின் அறையிலிருந்து இன்னொரு வீட்டின் அறைக்குப் போவதை எல்லை தாண்டித் திரும்புவது போலத்தான் என்னால் பார்க்க முடிகிறது. தீபாவளிக்கு வருகிறேன், விருந்தாளியாக. இது உனக்கு நோகும் என்று தெரியும்.

அக்கா பவளம்


டண்டினோங்
24.08.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நொந்தது. அதனால்தான் இவ்வளவு நாள் எழுதவில்லை. ஒதுக்கிய அறையின் கதவைச் சாத்திவைத்தேன், பிறகு திறந்தேன். இப்போது திறந்துதான் இருக்கிறது.

உடம்பு சுகம். இரவு வேலையை விட்டுப் பகலுக்கு மாறிவிட்டேன். பிரேம்நாத்தின் கடிதம் இல்லாமல் செப்டம்பரில் என்ன செய்வீர்கள் என்று இவர் கேட்டார். எனக்கும் தெரியாது என்றேன்.

தாரகா


ஹரிஸ் பார்க்
21.09.2025

அன்புள்ள தாரகாவுக்கு,

நீ பகல் வேலைக்கு மாறியது எனக்குப் பெரிய ஆறுதல். நித்திரை எப்படி? என் முழங்கால் படியேறப் பழகிவிட்டது.

வீசா நீட்டியாயிற்று. மார்ச் பதினான்கு வரை. இந்த முறையும் ஆறு மாதம்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் கணேசலிங்கம் என்னை இருக்கச் சொல்லி ஒரு உறையை நீட்டினார்.

“இது போன கிழமை தபாலில வந்தது. அனுப்பினவவுக்குப் பதினொரு வயது.”

நான் அவருடைய அலுவலகக் கடித உறை ஒன்றைச் சரித்திரப் புத்தகத்தில் பக்கம் பார்க்க வைத்திருந்தேன். அதைப் பார்த்து ஷாமினி முகவரி எழுதியிருக்கிறாள். ஆங்கிலத்தில் இருந்ததை என்னால் முடிந்தபடி உனக்குத் தமிழில் தருகிறேன்.

‘மதிப்புக்குரிய அமைச்சருக்கு, எனக்குப் பதினொரு வயது, ஆகவே இந்தக் கடிதம் செல்லுமா என்று தெரியாது. பவளராணி டீச்சர் எனக்கும் என் தம்பிக்கும் ஐந்து மாதம் சரித்திரம் படிப்பித்தார். நல்லது செய்த ஒருவர் பிழையும் செய்திருந்தால் இரண்டையும் எழுதிவைக்க வேண்டும், ஒன்றை மட்டும் எழுதினால் அது சரித்திரம் இல்லை என்று சொல்லித் தந்தார். என் அம்மாவும் அப்பாவும் நல்லவர்கள். என் அப்பா டீச்சரைப் பற்றி எழுதிய கடிதம் லாச்சியில் இருக்கிறது. அதில் அவர் நன்றாகச் சமைப்பார் என்று இருக்கிறது. அது உண்மை, ஆனால் பாதி உண்மை. மீதியை நான் எழுதுகிறேன்.’

மீதி இரண்டு பக்கம். மரப்பல், வண்டி, ஓனா, எல்லாம் இருக்கிறது. நான் கோபப்பட்டால் கண்ணாடியைத் துடைப்பேன் என்றும் இருக்கிறது. கடைசியில், பெற்றோர் சம்மதம் என்று கோடு போட்ட இடத்தில், மனோரமாவின் கையெழுத்து. அதற்குமேல் அவர் ஒன்றும் எழுதவில்லை. 

“சட்டப்படி இதுக்குப் பெரிய பாரம் இல்லை, அக்கா” என்றார் கணேசலிங்கம். “ஆனால் பெரிய ஆக்கள் எழுதின ஏழு கடிதத்திலயும் நீங்கள் நல்ல மனிசி, பாவம் எண்டுதான் கிடக்கு. நீங்கள் ஆர் எண்டு எழுதினது இந்தப் பிள்ளை ஒண்டுதான். இதைத்தான் மேல வைக்கிறன்.”

நானும் என்னைப் பற்றி நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். இத்தனை காலம் மற்றவர் எழுதட்டும் என்றுதான் காத்திருந்திருக்கிறேன். தொழில் என்ற இடத்தில் ஆசிரியை என்று போட்டேன். ஃபைல் அனுப்பியாயிற்று. பதில் ஒரு வருடமாகலாம், வராமலும் போகலாம்.

அன்புடன்,
அக்கா பவளம்


டண்டினோங்
05.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம், நித்திரையும் வருகிறது.

உங்கள் கடிதத்தை இந்த முறை நான் வாசித்துச் சொல்லவில்லை. இவரிடம் கொடுத்தேன். குசினிக் கதிரையில் இருந்து வாசித்தார். முடிந்ததும் மடிக்காமல் மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார். பிறகு, “ஃபைல் போன பிறகும் கடிதம் அனுப்பலாமோ?” என்று கேட்டார். கணேசலிங்கத்தைக் கேட்டேன், ஓம் சேர்க்கலாம் என்றார்.

இன்று காலையிலிருந்து எழுதுகிறார். எப்படித் தொடங்குவது என்று கேட்டார். நான் சொல்லவில்லை. அரை மணித்தியாலம் கழித்துத் தானாகவே, ‘எனது மனைவியின் அக்கா ஒரு சரித்திர ஆசிரியை’ என்று எழுதி எனக்குக் காட்டினார். அந்த ஒரு வரிக்குப் பிறகு பேனா நகரவில்லை. நான் கோப்பைகளைக் கழுவி முடித்துவிட்டேன், இன்னும் அதே இடத்தில் இருக்கிறார்.

இப்போதுதான் தலையை நிமிர்த்தி, “கிளிநொச்சியில அக்கா எந்த வகுப்புக்குப் படிப்பிச்சவ? என்ன பாடமெல்லாம்?” என்று கேட்டார். எனக்குத் தெரிந்தது கொஞ்சம். மிச்சத்தை உங்களிடமே கேட்கட்டும் என்றேன்.

தீபாவளிக்கு ஸ்டேசனுக்கு இவர் வருவார். கார் வீட்டுக்கு வர நாற்பது நிமிடம் எடுக்கும். தொடக்கத்திலிருந்து சொல்லுங்கள்.

தாரகா